20 சதவீதம் எங்கிருந்து வந்தது? மூளைக்காய ஆய்வுச் செய்திகளைப் படிக்கும் விதம்

2019 அக்டோபரில் ஒரு மருத்துவச் செய்தி உலகம் முழுக்க ஓடியது. தலையில் அடிபட்டவர்களுக்கு ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற பழைய, விலை மலிவான மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் இறப்பு 20 சதவீதம் வரை குறைகிறது, பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றலாம் என்ற தொனியில். இந்தச் செய்திக்கு மூலமான ஆய்வு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. அதைத் திறந்து முதன்மை முடிவைப் பார்த்தால், மருந்து பெற்றவர்களில் தலைக்காயத்தால் இறந்தவர்கள் 18.5 சதவீதம், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 19.8 சதவீதம். வித்தியாசம் 1.3. இருபது எங்கே, ஒன்றேகால் எங்கே?

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் எண்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார்கள் என்று புரிந்துவிட்டால், மருத்துவ ஆய்வுகளைப் பற்றிய செய்திகளில் பாதிக்கு மேல் உங்களால் சொந்தமாகவே எடைபோட முடியும். கணக்கு அதிகம் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

முதலில் கிளினிக்கல் டிரையல் என்றால் என்ன என்று ஒரு பத்தி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். மருந்து ஆய்வு என்றால் பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொன்றுக்கு மருந்து போலவே தோன்றும் வெற்றுப் பொருள், அதாவது பிளாசிபோ. யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதில் முக்கியமான விஷயம், ஆய்வின் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே 'நாங்கள் பார்க்கப்போவது இதைத்தான்' என்று ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட வேண்டும். 28 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள், 6 மாதம் கழித்து எத்தனை பேர் நடமாடுகிறார்கள், இப்படி ஏதோ ஒன்று. ஆய்வு எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதே அந்தக் கேள்வியை வைத்துத்தான். மற்ற எண்களெல்லாம் அப்புறம்தான். செய்தி தவறான திசையில் போவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: ஆய்வு கேட்ட கேள்விக்கு வந்த பதில் சுவாரசியமாக இல்லை, பக்கத்தில் ஒரு குட்டிக் கேள்விக்கு வந்த பதில் கவர்ச்சியாக இருக்கிறது, தலைப்பு அதற்குப் போய்விடுகிறது.

மூளைக்காயத்தில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் அது ஒரே நோய் இல்லை. பைக்கிலிருந்து விழுந்து ஒரு நிமிடம் மயங்கி எழுந்தவரும், இரண்டு கண்மணியும் விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் கிடப்பவரும் ஒரே பெயருக்குள் வருகிறார்கள். டாக்டர்கள் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்று ஒன்றை வைத்து அளக்கிறார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவது, 1974-ல் வந்த முறை. 15 என்றால் தெளிவாக இருக்கிறார், 3 என்றால் எதற்குமே அசைவில்லை. ஒரே மருந்து இந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் பேராசை.

சரி, அந்த 2019 ஆய்வுக்கு வருவோம். பெயர் கிராஷ்-3. 29 நாடுகளில் 175 மருத்துவமனைகள், 12,737 நோயாளிகள். அதில் அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்ட 9,202 பேரிடம்தான் முதன்மைக் கேள்வி கேட்கப்பட்டது. மூளைக்குள் கசியும் ரத்தம் பெருகுவதற்குள் மருந்து போய்ச் சேர்ந்தால்தான் பலன் இருக்கும் என்பது அதன் பின்னால் உள்ள யோசனை, அது நியாயமான யோசனையும்கூட. கிடைத்த பதிலைத்தான் மேலே பார்த்தோம்: 18.5, 19.8. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் சுமார் 0.94. இதில் 1 என்று வந்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று அர்த்தம், 1-க்குக் கீழே வந்தால் மருந்தின் பக்கம் நல்லது, மேலே போனால் கெட்டது.

ஆனால் 0.94 என்பது இந்த 9,202 பேரிடம் கிடைத்த எண். இன்னொரு 9,202 பேரை எடுத்தால் கொஞ்சம் மாறும். உண்மைப் பலன் எதற்குள் இருக்கலாம் என்று ஒரு வரம்பும் கூடவே கொடுப்பார்கள், அதற்கு நம்பக இடைவெளி என்று பெயர். இங்கே அது 0.86 முதல் 1.02 வரை. அதாவது, இறப்பு 14 சதவீதம் குறைந்திருக்கலாம், 2 சதவீதம் கூடியும் இருக்கலாம், இரண்டுக்கும் இந்தத் தரவு இடம் கொடுக்கிறது. இடைவெளிக்குள் 1 உட்கார்ந்திருப்பதால், 'மருந்து வேலை செய்கிறது என்று நிரூபித்தோம்' என்று சொல்ல முடியாது. செய்தியில் ஒரு எண்ணை மட்டும் கொடுத்து இடைவெளியைக் கொடுக்கவில்லை என்றால், எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் எங்கிருந்து வந்தது அந்த இருபது? நோயாளிகளைக் காயத்தின் கடுமையை வைத்துப் பிரித்தார்கள். கடுமையான காயம் உள்ளவர்களிடம் விகிதம் 0.99, அதாவது ஒன்றும் இல்லை. லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களிடம் 0.78, இடைவெளி 0.64 முதல் 0.95 வரை. இங்கே 1 வெளியே நிற்கிறது. 0.78 என்றால் 22 சதவீதக் குறைவு, அதுதான் சுருங்கி 'இருபது சதவீதம்' ஆயிற்று. போகிற வழியில் 'லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களில்' என்ற சொற்கள் உதிர்ந்துவிட்டன.

இப்போது அந்த 22 சதவீதத்தையே பிரித்துப் பாருங்கள். உப்புநீர் பெற்ற கூட்டத்தில் இறந்தவர்கள் 7.5 சதவீதம், மருந்து பெற்ற கூட்டத்தில் 5.8. கழித்தால் 1.7. ஆயிரம் பேருக்கு மருந்து கொடுத்தால் 17 பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று பொருள். 7.5-ல் 1.7 என்பது சுமார் 22 சதவீதம், அதுவும் உண்மை, ஆயிரத்தில் 17 என்பதும் உண்மை. முதலாவதை ஒப்பீட்டுக் குறைவு என்றும் இரண்டாவதை நேரடிக் குறைவு என்றும் சொல்வார்கள். தலைப்பு எழுதுபவர்களுக்கு எப்போதும் முதலாவதுதான் பிடிக்கும், எண் பெரியதாக இருக்கிறதே. ஆயிரத்தில் 17 உயிர் சின்ன விஷயம் என்று நான் சொல்லவரவில்லை, உண்மையென்றால் அது பெரிய விஷயம்தான், மருந்தும் மலிவு. ஆனால் 'இருபது சதவீதம்' என்று கேட்பவர் மனதில் விழும் படம் 'நூறு பேரில் இருபது பேர் பிழைப்பார்கள்' என்பது. அந்தப் படம் தவறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வில் சேர்வதற்கு, கோமா மதிப்பெண் 12 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் சிடி ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தக்கசிவு தெரிய வேண்டும். ஆகவே இங்கே 'லேசான காயம்' என்பது கதவில் முட்டிக்கொண்டு வீங்குவது இல்லை. செய்தியைப் படித்துவிட்டு, தலையில் சின்ன அடி பட்ட ஒவ்வொருவருக்கும் இந்த ஊசி போட வேண்டும் என்று நினைத்தால், ஆய்வு தொடவே இல்லாத ஆட்களுக்கு அதன் முடிவை மாட்டிவிடுகிறோம்.

உட்பிரிவு என்ற இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் பெரும்பாலான வழுக்கல்கள் இங்கேதான். சுத்தமாக எந்தப் பலனும் இல்லாத ஒரு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளை ஆண், பெண், வயது, எடை, ஊர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 விதமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சோதித்தால், குறைந்தது ஒரு பிரிவிலாவது 'புள்ளியியல்படி முக்கியமான' முடிவு, அதாவது இடைவெளிக்கு வெளியே 1 நிற்கும் முடிவு, வந்து நிற்பதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வெறும் அதிர்ஷ்டத்தால். 1988-ல் வெளியான ஐசிஸ்-2 என்ற மாரடைப்பு ஆய்வு இதற்குப் பிரபலமான உதாரணம். பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அசைக்க முடியாமல் காட்டிய ஆய்வு. உட்பிரிவுகள் வேண்டும் என்று கேட்டபோது, ஆய்வாளர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வது போல முடிவு வந்தது! மாரடைப்பு வந்தவரிடம் ராசி கேட்டு மாத்திரை கொடுக்கும் டாக்டர் யாரும் இல்லை என்பதால் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. அதே வித்தையை ராசிக்குப் பதிலாக 'காயத்தின் கடுமை' என்று வைத்தால் விஞ்ஞானம் போலத் தோன்றுவதுதான் பிரச்சினை.

நியாயமாகச் சொன்னால் கிராஷ்-3-ன் உட்பிரிவு ராசி அளவுக்கு மோசம் இல்லை. கடுமையைப் பொறுத்துப் பலன் மாறுமா என்று பார்ப்போம் என முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், மருத்துவக் காரணமும் இருக்கிறது: மூளை முழுக்கச் சேதமான பிறகு ரத்தத்தை நிறுத்தி என்ன பயன்? ஆகவே அந்த முடிவைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அது ஒரு நல்ல துப்பு. துப்பைத் தீர்ப்பு என்று அறிவித்ததுதான் கோளாறு. எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் உண்டு, '1 உள்ளே இருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று நிரூபணமாகிவிட்டது' என்று சொல்பவர்கள். அவர்களும் தவறுதான். 0.86 வரை இறங்கும் இடைவெளி, நல்ல பலன் இருக்கும் வாய்ப்பையும் திறந்தே வைத்திருக்கிறது. நிரூபிக்கவில்லை என்பது ஒன்று, இல்லை என்று நிரூபித்தோம் என்பது வேறு.

சின்ன ஆய்வுகளின் கதை இதைவிடச் சோகம். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளைக்காயத்தில் உதவும் என்று விலங்குகளில் நல்ல அறிகுறிகள் இருந்தன. 2007-ல் 100 நோயாளிகளை வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு வெளியானது. முதன்மையாகப் பாதுகாப்பைப் பார்ப்பதற்குத்தான். 77 பேருக்கு மருந்து, 23 பேருக்கு மட்டும் பிளாசிபோ. ஒரு மாதத்துக்குள் மருந்துக் கூட்டத்தில் இறந்தவர்கள் 13 சதவீதம், பிளாசிபோவில் 30.4 சதவீதம். பாதிக்கும் கீழே! யாருக்குத்தான் உற்சாகம் வராது?

ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 23 பேரில் 30.4 சதவீதம் என்றால் 7 பேர். அந்த ஏழில் 4 பேர் பிழைத்திருந்தால் இறந்தவர்கள் 3, அதுவும் 13 சதவீதம். அதாவது அந்தப் பிரமாண்டமான வித்தியாசம் முழுவதும் நான்கு பேரின் தலையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து 159 பேரை வைத்துச் சீனாவில் நடந்த ஆய்வும் நம்பிக்கை தந்தது. அப்புறம்தான் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, ஒன்றில் 882 பேர், மற்றதில் 1,195 பேர், இரண்டும் 2014 டிசம்பரில் வெளியாயின. முதலாவதில் நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் மருந்துக் கூட்டத்தில் 51 சதவீதம், பிளாசிபோவில் 55.5. தொடர்ந்து நடத்தினாலும் பலன் தெரியப்போவதில்லை என்று அதைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டாவதில் 50.4-க்கு 50.5. அவ்வளவுதான் கதை.

2007-ல் ஆய்வு செய்தவர்கள் ஏமாற்றவில்லை. சின்ன ஆய்வில் எண்கள் மேலும் கீழும் ஆடும், எந்த ஆட்டம் நல்ல பக்கம் விழுகிறதோ அதுதான் நம் கண்ணில் படுகிறது, மற்றவை சத்தமில்லாமல் போய்விடுகின்றன. ஆகவே சின்ன ஆய்வில் பிரமாதமான முடிவு என்று கேட்டால், உண்மைப் பலன் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

'தர்க்கப்படி வேலை செய்ய வேண்டுமே' என்ற நம்பிக்கையும் இப்படிக் கவிழ்க்கும். மூளை வீங்குகிறது, ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே ஸ்டீராய்டு கொடுப்போம் என்று பல பத்தாண்டுகளாகத் தலைக்காயத்துக்குக் கொடுத்து வந்தார்கள். 2004-ல் வெளியான முதல் கிராஷ் ஆய்வு 10,008 பேரிடம் அதைச் சோதித்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு கூட்டத்தில் 21.1 சதவீதம், பிளாசிபோவில் 17.9. மருந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. சோதிக்காமல் இருந்திருந்தால் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

அடுத்தது என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: 'உயிர் பிழைத்தார்' என்பதும் 'நன்றாக இருக்கிறார்' என்பதும் மூளைக்காயத்தில் ஒன்றல்ல. அடிபட்ட மூளை வீங்கும்போது மண்டையோட்டுக்குள் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். அப்போது மண்டை எலும்பின் ஒரு பெரிய துண்டை எடுத்துவிட்டு மூளைக்கு இடம் விடுவது ஒரு அறுவை சிகிச்சை. அழுத்தம் இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அழுத்தமானியில் எண் இறங்குவதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

2011-ல் டெக்ரா என்ற ஆய்வு, 155 பேர். அறுவை செய்தவர்களுக்கு அழுத்தம் குறைந்தது, ஆனால் 6 மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் அவர்களில் 70 சதவீதம், அறுவை செய்யாதவர்களில் 51 சதவீதம். உடனே 'இந்த ஆபரேஷன் தீங்கு' என்று முடிவு கட்டினார்கள். அதுவும் அவசரம். அழுத்தம் (மி.மீ. பாதரச அளவில்) ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் 20-ஐத் தாண்டினாலே அறுவை என்று ஆரம்பத்திலேயே கை வைத்த ஆய்வு அது. போதாக்குறைக்குக் குலுக்கலும் சரியாக அமையவில்லை, இரண்டு கண்மணியும் அசையாத நோயாளிகள் அறுவைக் கூட்டத்தில் 27 சதவீதம், மற்றதில் 12 சதவீதம். அதைச் சரிக்கட்டிக் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை.

2016-ல் ரெஸ்க்யூ-ஐசிபி வந்தது, 408 பேர். மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காமல் அழுத்தம் 25-க்கு மேல் குறைந்தது ஒரு மணி நேரம் நின்ற பிறகு, கடைசி ஆயுதமாக அதே வகை அறுவை. 6 மாதத்தில் இறந்தவர்கள் 26.9 சதவீதம், மருந்துச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 48.9. நூறு பேருக்கு 22 உயிர் கூடுதல். இதை மட்டும் தலைப்பில் போட்டால் அற்புதம். அந்த 22 பேர் எப்படி இருக்கிறார்கள் என்று ஆய்வாளர்களே பிரித்துச் சொன்னார்கள்: 6 பேர் கண் திறந்திருந்தும் எதையும் உணராத நிலையில், 8 பேர் வீட்டுக்குள்ளேயே பராமரிப்புக்குப் பிறரை நம்பி, 8 பேர் வீட்டிலாவது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையிலோ அதற்கு மேலோ.

இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது. 'நல்ல விளைவு' என்பதற்கு எல்லைக்கோட்டை எங்கே போடுவது? இந்த ஆய்வில், வீட்டுக்குள் சுயமாக இருந்தால் போதும், வெளியே போகத் துணை வேண்டுமென்றாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் 6 மாதத்தில் 42.8-க்கு 34.6, அறுவையின் பக்கம் சாய்வு (அந்த வித்தியாசமும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை). வழக்கமாகப் பல ஆய்வுகள் போடும் கோடு ஒரு படி மேலே, வெளியிலும் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று. அங்கே கோட்டைப் போட்டால் 27.4-க்கு 26.6. அதே நோயாளிகள், அதே மாதம், கோடு மட்டும் ஒரு படி நகர்ந்தது. ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாப் படியையும் அட்டவணையில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'நல்ல விளைவு 43 சதவீதம்' என்று செய்தியில் மட்டும் படிக்கும் ஒருவர், பழையபடி வேலைக்குப் போகிற மனிதரைத்தான் கற்பனை செய்வார். அந்த நிலைக்கு அருகில் வந்தவர்கள், 'நல்ல மீட்சி' என்ற மேல்படியில் இருந்தவர்கள், அறுவைக் கூட்டத்தில் 4 சதவீதம்.

எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான பெஸ்ட்-ட்ரிப் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு மண்டைக்குள் கருவி வைத்து அழுத்தத்தை அளந்து சிகிச்சை, இன்னொன்றுக்குக் கருவி இல்லாமல் ஸ்கேனையும் நோயாளியின் நிலையையும் பார்த்துச் சிகிச்சை. முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. 'அழுத்தத்தைக் கண்காணிப்பது வீண்' என்று இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நிறைய. ஆனால் இரண்டு கூட்டத்துக்குமே அழுத்தத்துக்கான சிகிச்சை தீவிரமாகத்தான் நடந்தது. ஒப்பிட்டது சிகிச்சையை வழிநடத்தும் இரண்டு வழிகளை, சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை அல்ல.

ஆகவே அடுத்த முறை 'மூளைக்காயத்துக்குப் புதிய சிகிச்சை, இறப்பு 30 சதவீதம் குறைவு' என்று ஒரு செய்தி வந்தால், 30 எதில் 30 என்று முதலில் தேடுங்கள், ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று கிடைக்கும் வரை. அது எல்லா நோயாளிகளுக்கும் வந்த முடிவா, பிரித்தெடுத்த ஒரு பகுதிக்கா? பிழைத்தவர்கள் எழுந்து நடக்கிறார்களா? இதற்கெல்லாம் செய்தியில் பதில் இருக்காது, மூல ஆய்வின் சுருக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். அது இலவசமாகவே இணையத்தில் கிடைக்கும், ஒரு பக்கம்கூட வராது. முடிவுகள் என்ற பகுதியின் முதல் இரண்டு வரிகளைப் படியுங்கள். 'விளக்கம்' அல்லது 'முடிவுரை' என்று கடைசியில் வருவது ஆய்வாளர்களின் கருத்து.

வீட்டில் யாராவது ஐசியூவில் இருக்கும்போது இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, அது வேறு விஷயம். அப்போது டாக்டரிடம், 'இந்த ஆபரேஷன் செய்தால் பிழைப்பாரா' என்பதோடு நிறுத்தாமல், 'பிழைத்தால் ஒரு வருடம் கழித்து எப்படி இருப்பார், தானாகச் சாப்பிடுவாரா, எங்களைத் தெரியுமா' என்றும் கேளுங்கள். ரெஸ்க்யூ-ஐசிபி போன்ற ஆய்வுகளின் அட்டவணைகளில் அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிறது, நல்ல டாக்டர் அதை எடுத்துச் சொல்வார்.